மழைக்குப் பிறகு வரும் இரட்டையர்

ஏப்ரல் இடிமழை இலங்கை மலைநாட்டு டயகமவில் பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்கும். லயத்துத் தகரத்தில் கல்லெறிந்தாற்போல் ஒரு மணி நேரம் கொட்டும். பிறகு ஹோர்டன் சமவெளிப் பக்கத்துக் காட்டிலிருந்து மூடுபனி வந்து தேயிலை மலையை மறைத்துவிடும். அந்த முதல் மழை விழுந்து நாலைந்து நாள் கழித்து லயத்து வாசல்களைப் பாருங்கள். நேற்றுவரை புல்லென்று மிதித்த இடத்தில் மெல்லிய காம்பு நீட்டி, காம்புக்கு ஒன்றாக ரோஸ் நிறப் பூ நிற்கும். மழை லில்லி. ஒரு பூ இரண்டு நாள் தாங்கினாலே அதிகம்.

யாரும் நடவில்லை, தானே முளைத்தது என்பார்கள். கல்லுக்கட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். தோட்டச் செடியாக வந்து வரப்பில் இறங்கிய குடும்பம். இந்தப் பேரினத்துக்குச் செஃபிராந்தஸ் என்று 1821இல் பெயர் வைத்தவர் இங்கிலாந்துப் பாதிரியார் வில்லியம் ஹெர்பர்ட். கிரேக்கத்தில் மேல்காற்றின் பூ என்று பொருள். தென்மேற்குப் பருவக்காற்றில் நனைந்தே கிடக்கும் மலைக்கு, தற்செயலாகப் பொருந்திப்போன பெயர்.

வெள்ளைப் பூவை அடையாளம் காண்பதில் தொல்லையில்லை. அது கண்டிடா, தென்னமெரிக்காவின் அர்ஜென்டினா, உருகுவே பக்கத்துச் செடி. இலை தடித்து உருண்டு, ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும். பூவே இல்லாவிட்டாலும் இலையைத் தடவிச் சொல்லிவிடலாம். சிக்கல் ரோஸ் நிறத்தில்தான்.

ஒரு லயத்து வாசலில் இரண்டு கூட்டம் அடுத்தடுத்து நின்றன. ஒன்றில் உள்ளங்கை அகலத்துக்கு விரியும் பூ. மற்றதில் அதன் பாதிகூட இல்லை. உரம் கிடைக்காத செடி, பூ சிறுத்துவிட்டது என்றே நான் நினைத்தேன். வீட்டுக்கார அக்கா சிரித்தார். "அது வேற சாதி தம்பி. கொழும்புல வீட்டு வேலைக்கு நின்னப்ப அங்கேருந்து கொண்டாந்த கெழங்கு. பெரிசு இங்கனயே கெடந்தது."

வாசற்படியில் உட்கார்ந்து இரண்டையும் பிரித்துப் பார்த்தோம். பெரிய பூவில் கேசரங்கள் ஆறு. மூன்று நெட்டை, மூன்று குட்டை, கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம். நடுவில் எழும் தம்பத்தின் நுனியில் குறி மூன்றாகப் பிளந்து, மகரந்தப் பைகளையெல்லாம் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பூவிலும் குறி மூன்றாகத்தான் பிளந்திருந்தது. ஆனால் நீட்டவில்லை, பைகளுக்கு நடுவிலேயே அடங்கி நின்றது. கேசரங்களும் ஏறக்குறைய ஒரே உயரம். அடியில் இருக்கும் பச்சைக் குழாயோ, இருக்கிறதா இல்லையா என்று தேடவேண்டிய அளவுக்குக் குட்டை. பெரியது கரினாட்டா, மெக்சிகோ தொடங்கித் தெற்கே பரவிய இனம். சின்னது ரோசியா, கரீபியன் தீவுகளின் இனம். உயிரணுவுக்குள்ளும் பேதம் உண்டு. ரோசியாவுக்கு நிறமூர்த்தங்கள் 24, கரினாட்டாவுக்கு 48.

பெயரில் இன்னொரு குழப்பம். கரினாட்டா என்று ஹெர்பர்ட் எழுதிய அதே 1825இல், லிண்ட்லி என்பவர் கிராண்டிஃப்ளோரா என்ற பெயரை வெளியிட்டார். அது மினுட்டா என்ற வேறோர் இனத்தைச் சேர்ந்த பெயர் என்று இன்று கொள்கிறார்கள். நாற்றுக்கடைகளிலோ கரினாட்டாவின் தலையிலேயே கிராண்டிஃப்ளோரா இன்னும் உட்கார்ந்திருக்கிறது. சாய்ந்து பக்கவாட்டில் பார்க்கும் ரோஸ் பூ ஒன்றும் உண்டு. கேசரம் நாலு வெவ்வேறு நீளத்தில் இருக்கும். ஹப்ராந்தஸ் என்று தனிக்குடித்தனம் வைத்திருந்ததை 2019இல் செஃபிராந்தஸோடு சேர்த்துவிட்டார்கள். பெயரட்டையை நம்பிக் குமிழ் வாங்குகிறவர் பாவம்தான்.

நிறத்தை நம்பாமல் உறுப்பை எண்ணும் வழக்கத்துக்கு இலங்கையோடும் பழைய தொடர்பு இருக்கிறது. டச்சுக் கம்பனியின் வைத்தியராக 1670களில் இங்கே இருந்த பவுல் ஹெர்மன் செடிகளை அமுக்கி உலர்த்தி வைத்தார். இந்தப் பக்கமே வராத லின்னேயஸ், அந்தக் காய்ந்த தாள்களைப் பார்த்து 1747இல் இலங்கைத் தாவர நூலை எழுதினார். உலர்ந்த பூவில் நிறம் எங்கே நிற்கும்? நம் நாட்டின் சொந்தக் குமிழ்ச் செடிகளான பங்கிராசியத்தையும் விஷமூங்கில் இனத்தையும் இன்றும் உறுப்பைக்கொண்டே பிரிக்கிறோம். கேசரங்களின் அடி ஒன்றுகூடிக் கிண்ணமானால் பங்கிராசியம். தனித்தனியாக நின்றால் விஷமூங்கில் அடங்கிய கிரைனம்.

பிரித்தறிவது பொழுதுபோக்கு மட்டுமல்ல. மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் லீக்ஸும் வெங்காயமும் விளைகின்றன. கண்டிடாவின் இலை வெங்காயத் தாளுக்கு அண்ணன் தம்பிபோல் இருக்கும். குமிழும் சின்ன வெங்காயம் மாதிரியே தோல் போர்த்தியிருக்கும். தாவரவியலில் இப்போது இரண்டும் ஒரே குடும்பமும்கூட. ஆனால் மழை லில்லியில் லைகோரின் என்ற நஞ்சு உண்டு. தின்றால் வாந்திதான். கிள்ளி மோந்து பார்த்தால் வெங்காய வாடை வராது. "லீக்ஸ் புடுங்கின கையால மோந்தா எல்லாமே வெங்காயம்தான்" என்றார் அக்கா. கையைக் கழுவிவிட்டு மோந்து பார்க்க வேண்டும், சரிதான்.

கிளம்பும்போது தண்ணீர்ப் பீலி ஓரத்தில் மூன்றாவதாக ஒரு கூட்டத்தைக் காட்டினார். பூ நடுத்தரம்; ஒன்றில் குறி நீட்டியிருந்தது, பக்கத்துப் பூவில் அடங்கியிருந்தது. ரோசியா தாராளமாகக் காய்த்து, கறுத்த தட்டை விதைகளை உதிர்க்கும். கரினாட்டா தோட்டங்களில் அபூர்வமாகத்தான் காய்க்கும்; குட்டிக் குமிழ் விட்டே பெருகும். அதனால் மூன்று வாரம் கழித்து வந்து காய் பிடித்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்றேன். அதுவரை பீலியடியில் யாரும் புல் செதுக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, ஒரு கம்பை ஒடித்துக் கூட்டத்தின் பக்கத்தில் குத்திவைத்தார்.