மெஷின் ஓடினால் மட்டும் போதுமா?

வென்டிலேட்டர் என்றதும் மதுரைக்காரர்கள் பலருக்கு 2019 மே 7 மாலை நினைவுக்கு வரும். மழையில் மின்சாரம் போனது. அரசு ராஜாஜி மருத்துவமனையில் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகள் சிலர் இறந்தார்கள். மெஷின் நின்றதுதான் காரணம் என்றார்கள் உறவினர்கள். ஏற்கெனவே கவலைக்கிடமாக இருந்தவர்கள் என்று சொல்லி நிர்வாகம் அதை மறுத்தது.

மெஷின் நின்றால் ஊருக்கே தெரிந்துவிடும். ஓடிக்கொண்டே நுரையீரலைப் புண்ணாக்கினால், ஐசியு வாசலில் தூக்குவாளியோடு காத்திருக்கும் குடும்பத்துக்கு எப்படித் தெரியும்?

இரண்டு கட்டில்கள்

மேலூர்ப் பக்கம் தரையில் படுத்துத் தூங்கியவரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விஷத்தால் மூச்சுத் தசைகள் முடங்கின. நுரையீரல் நன்றாகவே இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் கடும் நிமோனியா. அவர் நுரையீரலில் பாதி நீர் கோத்துக் கெட்டிப்பட்டுவிட்டது. இருவருக்கும் ஒரே அளவு காற்றைத் தள்ளினால், இரண்டாமவருக்கு மிஞ்சியிருக்கும் நல்ல பகுதிதான் அத்தனையையும் வாங்கி, அளவுக்கு மீறி உப்பிச் சேதமாகும்.

இதை 2000-ல் வெளியான அமெரிக்க ஆய்வு எண்ணிக்கையில் காட்டியது. கடுமையாகப் பாதித்த நுரையீரல் கொண்ட 861 பேரில், ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 12 மி.லி. கொடுத்தபோது சுமார் 40% பேர் இறந்தார்கள், 6 மி.லி. கொடுத்தபோது 31%. இந்தக் ‘கிலோ’ எடைமெஷின் காட்டுவது அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. 165 செ.மீ. உயர ஆண் 90 கிலோ இருந்தாலும் கணக்கில் சுமார் 61 கிலோதான். உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருப்பதில்லை. படுத்திருப்பவரை நர்ஸ் இஞ்ச் டேப் வைத்து உச்சி முதல் குதிகால் வரை அளப்பது இதற்காகத்தான்.

கட்டிலிலேயே பார்க்கும் வழி

உயரம் நுரையீரலின் அளவைச் சொல்லும், அதில் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்பதைப் படம்தான் காட்டும். ஆனால் உடம்பில் செருகிய குழாய்களோடு நோயாளியைச் சிடி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவதே ஆபத்து. அதற்குப் பதில் கட்டிலிலேயே, விலா எலும்புகளின் இடுக்கில் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்க்கலாம். காற்று நிறைந்த நுரையீரலில் குறுக்குக் கோடுகள் தெரியும். நீர் கோத்தால் மேலிருந்து கீழே வெள்ளைக் கோடுகள் இறங்கும். கெட்டிப்பட்டால் கல்லீரல் போலத் தோன்றும். கதிர்வீச்சு கிடையாது. மார்பைச் சுற்றி மின்முனைப் பட்டை கட்டி, காற்று எந்தப் பகுதிக்குப் போகிறது என்று ஒவ்வொரு மூச்சிலும் காட்டும் கருவியும் உண்டு. அது எல்லா மருத்துவமனைகளிலும் இருக்காது. மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரல் மடங்காமல் தாங்கும் அழுத்தத்தை ஐசியுவில் ‘பீப்’ என்பார்கள். அதைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்க இந்தப் படங்கள் உதவும்.

படம் இருந்தாலே பிழைத்துவிடலாம் என்றும் நம்பவேண்டாம். 2019-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், படம் பார்த்து அமைத்த சிகிச்சையால் மொத்தத்தில் இறப்பு குறையவில்லை. சுமார் ஐந்தில் ஒருவருக்கு நுரையீரல் பாதிப்பின் வகையையே தவறாகக் கணித்திருந்தார்கள். அப்படிப் பொருந்தாத சிகிச்சை பெற்றவர்களில் இறப்பு கூடியது. தேர்ந்த கண் இல்லாவிட்டால் கருவியே வினையாகும்.

என்ன கேட்கலாம்?

டாக்டர் விவரம் சொல்லும் நேரத்தில் பணிவாகக் கேளுங்கள்: “சார், அப்பா உயரத்தை அளந்தாச்சா? நுரையீரல் நேற்றைவிட எப்படி இருக்கு? எதைப் பார்த்து மெஷின் அளவை மாத்துறீங்க? மெஷினை எப்ப எடுக்கலாம்?” ஸ்கேன் வசதி இல்லை என்றால் அதுவே குற்றமாகாது. எக்ஸ்ரே, ரத்தவாயுப் பரிசோதனை, மெஷின் காட்டும் அழுத்தம் இவற்றைக் கொண்டும் நல்ல மருத்துவம் செய்ய முடியும். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தால் அல்ட்ராசவுண்ட் மெஷினைப் பதிவு செய்தே பயன்படுத்த வேண்டும். வெளியிலிருந்து ஒன்றை உடனே கொண்டுவரச் சொல்லி வற்புறுத்த முடியாது.

குறை இருந்தால்

சிகிச்சைப் பதிவுகளை எழுத்துமூலம் கேளுங்கள். 2002 மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். அதில் வென்டிலேட்டர் அளவுகள் எழுதிய சார்ட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு மருத்துவரிடம் அதைக் காட்டிக் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை.

கட்டணம் செலுத்திய இடமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே குறை என்றால் டீனிடமோ, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலோ மனுக் கொடுங்கள். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் விசாரிக்கும்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரு நாற்பது பக்க நோட்டு. டாக்டர் சொன்னதைத் தேதி, நேரத்தோடு அன்றன்றே எழுதி வையுங்கள். மறுநாள் என்ன கேட்பது என்பதை அந்த நோட்டே எடுத்துக்கொடுக்கும்.