விடை மட்டும் போதாது

2010-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியலாளர்கள் கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நாட்டின் அரசுக் கடன் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடுகிறது என்பது அதன் சாரம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில், அவ்வளவு கடன் சுமந்த வளர்ந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி பூச்சியத்துக்கும் கீழே, -0.1 விழுக்காடு என்றது அந்தக் கட்டுரை. அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடிய அரசியல் தலைவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதை எடுத்துக் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் படித்த தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். அந்த விடை வரவில்லை. கட்டுரையாளர்களிடமே கேட்டு அவர்களுடைய எக்செல் தாளை வாங்கிப் பார்த்தபோது, 20 நாடுகளுக்குப் போட வேண்டிய சராசரியில் 5 நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன. ஹெர்ண்டனும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் 2013-இல் வெளியிட்ட மறுகணக்கில் வந்த விடை 2.2 விழுக்காடு.

இந்த வேறுபாடு முழுவதும் எக்செல் பிழையால் வந்ததல்ல. சில நாடுகளின் சில ஆண்டுகள் சேராமல் போனதும், ஒவ்வொரு நாட்டுக்கும் எவ்வளவு எடை கொடுப்பது என்ற முடிவும்தான் பெரிய பங்கு வகித்தன. எக்செல் பிழையைக் கட்டுரையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள்; எடை கொடுத்த முறை சரியானதே என்று வாதிட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்பது பொருளியலாளர்கள் பேசித் தீர்க்க வேண்டியது. நம்மைப் போன்ற பொது வாசகர்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்று: இந்த விவாதம் தொடங்குவதற்கே ஏன் மூன்று ஆண்டுகள் ஆயின? விடை ஊரறிய வெளியானது. அதைப் போட்ட வழி ஒரு கணினிக்குள் கிடந்தது. பள்ளித் தேர்வில் வழிமுறை எழுதாத கணக்குக்கு முழு மதிப்பெண் கிடையாது. கோடிக்கணக்கானவர்களின் பிழைப்பைத் தொடும் கணக்குக்கு அந்த விதியை நாம் தளர்த்திவிட்டோம். பொது முடிவுகளுக்கு அடிப்படையாகும் எந்த எண்ணும் அதைக் கணக்கிட்ட நிரலோடு சேர்ந்தே வெளிவர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அது நடக்கக்கூடிய காரியம் என்று சொல்லும் துணிச்சலைத் தருபவை, புள்ளியியலுக்கான திறமூலத் தொகுப்புகள்.

அவற்றில் மிகப் பெரிய குடும்பம் 'ஆர்' என்ற நிரல்மொழியைச் சுற்றி வளர்ந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1976-இல் ஜான் சேம்பர்ஸும் அவருடைய சகாக்களும் தரவுகளை அலசுவதற்காக 'எஸ்' என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். 1990-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரு ஆசிரியர்கள் அதையொட்டி ஒரு புது மொழியை எழுதினார்கள். இருவர் பெயரின் முதல் எழுத்தும் ஆங்கிலத்தில் ஒன்றே. அதுவே மொழிக்கும் பெயராயிற்று. 1995-இல் அதைக் குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்; திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது இதே உரிமையோடு கொடுக்க வேண்டும் என்பதே அந்த உரிமத்தின் சாரம். இரண்டே ஆண்டுகளில், 1997-இல், பல நாட்டுப் புள்ளியியலாளர்கள் சேர்ந்த ஒரு மையக் குழு மொழியின் பொறுப்பை ஏற்றது.

மொழி அடித்தளம்தான். அதன்மேல் எழும் அறைகளைப் போன்றவை தொகுப்புகள். ஒரு குறிப்பிட்ட ஆய்வு முறைக்குத் தேவையான நிரல்கள், அவற்றை விளக்கும் உதவிப் பக்கங்கள், ஓட்டிப் பார்க்க எடுத்துக்காட்டுகள், சில வேளைகளில் மாதிரித் தரவுகள் ஆகியவற்றை வகுத்த ஓர் ஒழுங்கில் கட்டி வைத்தால் அது ஒரு தொகுப்பு. இவற்றைச் சேர்த்து வைக்க 1997 ஏப்ரலில் 'க்ரான்' என்ற காப்பகம் அறிவிக்கப்பட்டது. அன்று அதில் இருந்தவை 12 தொகுப்புகள். இன்று 20,000-க்கும் மேல். ஆஸ்திரியாவின் வியன்னாவில் இருந்து நடத்தப்படும் இந்தக் காப்பகம் வெறும் கிடங்கு அல்ல. வந்து சேரும் ஒவ்வொரு தொகுப்பும் பிழையின்றி நிறுவப்படுகிறதா, எடுத்துக்காட்டுகள் ஓடுகின்றனவா, ஆவணத்தில் சொன்னதும் நிரலில் உள்ளதும் பொருந்துகின்றனவா என்று சோதிக்கப்படுகிறது. சேர்த்த பிறகும் வெவ்வேறு இயங்குதளங்களில் திரும்பத் திரும்பச் சோதனை நடக்கும். தொகுப்பு பழுதுபட்டு, சொல்லியும் சரிசெய்யப்படாவிட்டால் பட்டியலில் இருந்து எடுத்துப் பழங்காப்பகத்தில் வைத்துவிடுவார்கள்.

இவை செய்யும் வேலை எத்தகையது என்பதற்கு ஒரே ஒரு தொகுப்பைச் சற்று நின்று பார்க்கலாம். தாமஸ் லம்லி என்ற புள்ளியியலாளர் எழுதிய 'சர்வே' என்ற தொகுப்பு மாதிரிக் கணக்கெடுப்புகளுக்கானது. நம் நாட்டில் 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 6.37 லட்சம் குடும்பங்களைச் சந்தித்த ஆய்வு அது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனியாக விவரம் வேண்டும் என்பதால், சிறிய மாவட்டமானாலும் போதிய எண்ணிக்கையில் குடும்பங்களைச் சந்திக்க வேண்டும். அப்படிச் செய்தால் சிறிய மாவட்டத்துக் குடும்பம் ஒன்று தேர்வாகும் வாய்ப்பு பெரிய மாவட்டத்துக் குடும்பத்தின் வாய்ப்பைவிடக் கூடிவிடும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டிச் சராசரி எடுத்தால் மாநிலத்தின் நிலை தவறாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய எடையைச் சேர்க்க வேண்டும். ஒரே ஊரில், ஒரே தெருவில் இருந்து பலரைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒற்றுமையால் பிழை வரம்பு அகலும். இத்தனையையும் கவனித்துக் கணக்கிடும் நிரலை ஒரு கல்லூரி மாணவி தானே எழுதுவதென்றால் மாதங்கள் ஆகும், பிழையும் புகும். லம்லியின் தொகுப்பை நிறுவினால் சில வரிகளில் முடியும். காசு எதுவும் கட்ட வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் அந்தச் சூத்திரம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று திறந்தும் பார்க்கலாம். புற்றுநோய் மருத்துவத்தில் நோயாளிகளின் வாழ்நாளை மதிப்பிடும் டெர்ரி தெர்னோவின் 'சர்வைவல்', வரைபடங்களை இலக்கணம்போல் கட்டமைக்கும் ஹேட்லி விக்கமின் 'ஜிஜி பிளாட்', மரபணுத் தரவுகளுக்காக 2001-இல் தொடங்கிய 'பயோகண்டக்டர்' திட்டம் எல்லாம் இப்படித்தான். ஒருவர் ஒரு துறையில் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கற்றது, அடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறது.

நிரல் திறந்திருப்பதால் என்ன நன்மை என்பதை ஆர் மொழியின் வரலாறே காட்டுகிறது. ஒரு பட்டியலில் இருந்து குலுக்கல் முறையில் சிலவற்றைத் தேர்ந்தெடுக்க அந்த மொழியில் ஓர் அடிப்படைக் கட்டளை உண்டு. உலகெங்கும் ஆய்வாளர்கள் அன்றாடம் அதை நம்பிப் பயன்படுத்தினார்கள். பட்டியல் மிகப் பெரிதாக இருந்தால் அந்தக் குலுக்கல் எல்லாவற்றுக்கும் சம வாய்ப்புத் தரவில்லை என்று கெல்லி ஒட்டோபோனி, ஃபிலிப் ஸ்டார்க் என்ற இரு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் 2018-இல் எடுத்துக் காட்டினார்கள். மையக் குழு அதை ஏற்று, 2019-இல் வந்த 3.6.0 பதிப்பில் முறையையே மாற்றியது. யார் சுட்டிக்காட்டியது என்பதை வெளியீட்டுக் குறிப்பிலேயே பெயரோடு எழுதியது. பழைய ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்க்க விரும்புவோருக்காகப் பழைய முறையையும் விட்டு வைத்தது. இவ்வளவு காலம் பிழை கண்ணில் படவில்லையே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். திறந்து வைத்தாலே பிழை மறைந்துவிடாது. வெளியில் இருக்கும் ஒருவர் யாருடைய அனுமதியும் கேட்காமல் பிழையைத் தேடிப் போக முடியும், கண்டதை எல்லோர் முன்னும் மெய்ப்பிக்க முடியும் என்பதே திறந்த நிரலின் பலம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் சாதாரணமானவை அல்ல. முதலாவது, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் தரத்துக்கு யார் பொறுப்பு? க்ரான் செய்யும் சோதனை நிரல் ஓடுகிறதா என்பதற்கானது. அதில் உள்ள புள்ளியியல் சரியா என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. ஆகவே க்ரானில் இருக்கிறது என்பதை மட்டும் தரச் சான்றாகக் கொள்ளக் கூடாது. அந்தக் குறையை நிரப்ப வேறு வழிகள் வளர்ந்திருக்கின்றன. தொகுப்புகளை வல்லுநர்கள் ஆராய்ந்து கட்டுரையாக வெளியிடும் புள்ளியியல் மென்பொருள் இதழ் 1996 முதல் வருகிறது. 2011-இல் தொடங்கிய 'ஆர் ஓப்பன்சை' அமைப்பு தொகுப்புகளின் நிரலையே வரி வரியாக மதிப்பீடு செய்ய ஆள் ஏற்பாடு செய்கிறது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு உத்தரவாதம் உண்டே என்பார்கள். அதன் உரிம ஒப்பந்தத்தைப் படித்தால், தவறான விடையால் வரும் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்ற வாசகம் பெரும்பாலும் அங்கே இருக்கும். மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே குறிப்பிட்ட மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை என 2015-இல் தெளிவுபடுத்திவிட்டது. கணக்கிட்ட மென்பொருளும் அதன் பதிப்பும் ஆவணப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதே அது எதிர்பார்ப்பது.

இரண்டாவது வாதம் எளிமையைப் பற்றியது. ஒரே வரியில் விடை வந்துவிட்டால், புரியாதவர்களும் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள் அல்லவா? இந்த ஆபத்து உண்மையானது. காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் எத்தனை உயிர்களைப் பறிக்கின்றன என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவின் 90 நகரங்களில் ஆராய்ந்தார்கள். கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் துகள் கூடினால் இறப்பு 0.41 விழுக்காடு கூடுகிறது என்று முதலில் கண்டார்கள். விடையைப் படிப்படியாக நெருங்கும் அந்தக் கணக்கில், எப்போது நிறுத்துவது என்று மென்பொருள் தானாக வைத்திருந்த அளவு அவர்களுடைய தரவுக்குப் போதவில்லை. 2002-இல் அதைக் கண்டுபிடித்து அளவை இறுக்கியதும் விடை 0.27 ஆகக் குறைந்தது. மாசு உயிரைப் பறிக்கிறது என்ற முடிவு நிலைத்தது, அளவு மாறியது. அவர்கள் பயன்படுத்தியது எஸ் மொழியின் விற்பனைப் பதிப்பு. கைதேர்ந்தவர்களையே வழுக்க வைத்த அந்தப் பள்ளம் விலை கொடுத்து வாங்கிய மென்பொருளில்தான் இருந்தது. ஆகவே இந்தக் குறைக்கு மருந்து நிரலைப் பூட்டி வைப்பதல்ல, கற்பிப்பது. தானாக அமைந்திருக்கும் தேர்வுகள் என்னென்ன, அவற்றை யார், ஏன் அப்படி வைத்தார்கள் என்று கேட்கப் பழக்குவது. அந்தக் கேள்விக்கு விடை தேடும் மாணவருக்குத் திறந்த நிரல் பாடநூலாகவும் அமையும்.

மூன்றாவது வாதம் நிலையாமை. தொகுப்புகள் அடிக்கடி மாறுகின்றன. சென்ற ஆண்டு ஓடிய நிரல் இந்த ஆண்டு ஓடாமல் போகலாம், அல்லது ஓடி வேறு விடை தரலாம். இது ஆய்வாளர்கள் நாள்தோறும் படும் தொல்லை. ஆனால் க்ரான் பழைய பதிப்புகளை அழிப்பதில்லை. எந்த ஆய்வில் எந்தப் பதிப்பு பயன்பட்டது என்று குறித்து வைத்து, அதே சூழலைத் திரும்ப உருவாக்கவும் கருவிகள் இருக்கின்றன. குறித்து வைக்கும் ஒழுக்கம்தான் வேண்டும். பாதுகாப்பைப் பற்றிய அச்சமும் இதனோடு சேர்ந்தது. தரவைச் சேமிக்கும் கோப்பு வழியாகத் தீய நிரலைப் புகுத்த இடம் தரும் ஓட்டை ஒன்று ஆர் மொழியில் கண்டுபிடிக்கப்பட்டு, 2024-இல் 4.4.0 பதிப்பில் அடைக்கப்பட்டது. ஊர் பேர் தெரியாத தொகுப்பையோ கோப்பையோ கண்ணை மூடிக்கொண்டு ஏற்றக் கூடாது என்பது இங்கும் பொருந்தும்.

நான்காவது வாதத்துக்கு மட்டும் எளிய விடை இல்லை. இந்தத் தொகுப்புகளில் பல ஓரிருவரின் ஓய்வு நேர உழைப்பில் நிற்கின்றன. ஒரு தொகுப்பு மற்றொன்றைச் சார்ந்திருக்கிறது, அது இன்னொன்றை. அடியில் இருக்கும் ஒன்றைப் பராமரிப்பவர் வேலை மாறினால், நோயுற்றால், சலித்துப்போனால் மேலே உள்ளவை எல்லாம் ஆட்டம் காணும். பல்கலைக்கழகங்கள் ஆய்வுக் கட்டுரையைப் பணி உயர்வுக்குக் கணக்கில் எடுக்கின்றன; ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தாங்கும் தொகுப்பை எழுதியவருக்கு அந்த மதிப்பைத் தரத் தயங்குகின்றன. ஊர்க் குளத்தில் எல்லோரும் நீர் மொள்கிறோம். தூர் வாரும் நாளில் இரண்டு பேர்தான் இறங்குகிறார்கள். குளம் பொதுவாக இருப்பது குற்றமல்ல. பொதுவானதைப் பராமரிக்க முறை வகுக்காததுதான் குற்றம். விற்பனை மென்பொருளுக்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டும் அரசுத் துறையும் கல்லூரியும் நிறுவனமும் அதில் ஒரு பங்கைத் தாங்கள் நம்பியிருக்கும் தொகுப்புகளின் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். பயன்படுத்திய தொகுப்பை ஆய்வாளர் தம் கட்டுரையில் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். எப்படிக் குறிப்பது என்று காட்ட ஆர் மொழியிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. பராமரிப்பை ஆய்வுப் பணியாகவே பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும்.

தரவை எல்லாம் வெளியிட முடியாதே, தனியாரின் நோய் விவரமும் வருமானமும் அதில் இருக்குமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயம். தரவைப் பூட்டி வைக்க வேண்டிய இடம் உண்டு. கணக்குப் போட்ட நிரலைப் பூட்டி வைக்க அதே காரணம் பொருந்தாது. பெயர்களை மறைத்துவிட்டு, எந்த வரிசைகளைச் சேர்த்தோம், எதை விட்டோம், எந்த எடை கொடுத்தோம், எந்தத் தொகுப்பின் எந்தப் பதிப்பு என்பதைச் சொல்லிவிடலாம். ஹெர்ண்டன் கேட்டதும் இவ்வளவுதான். அவருக்கு அந்த எக்செல் தாள் கிடைத்தது, கட்டுரையாளர்கள் மனம் வைத்து அனுப்பியதால். அவர்கள் மறுத்திருந்தால் விடுபட்ட ஐந்து வரிசைகள் இன்றும் விடுபட்டே கிடந்திருக்கும். இனி எந்த மாணவரும் அப்படிக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டிய தேவை இருக்கக் கூடாது.