காசு என்றால் காது என்று கேட்கிறது

மதுரைக்குத் தெற்கே எங்கள் ஊர். எழுபதைத் தாண்டியபோது அப்பத்தாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. சுளகை மடியில் வைத்து உளுந்தில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டார். முதியோர் பணம் வந்தால் நோட்டை எண்ணிச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவார். "வயசானா அப்படித்தான்" என்று நாங்களும் இருந்துவிட்டோம். முகாமில் பார்த்து, அறுவை செய்து அனுப்பினார்கள். சில நாளில் சுளகு மறுபடி மடிக்கு வந்துவிட்டது.

கண் விஷயத்தில் "வயசானா அப்படித்தான்" என்ற பதிலைச் செல்லாமல் ஆக்கியவர்களில் டாக்டர் ஜி. வெங்கடசாமி முக்கியமானவர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் கண் அறுவை செய்தவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை அவர்களின் அரோலேப் நிறுவனம் 1992-லிருந்து இங்கேயே தயாரிக்க, விலை இறங்கியது. புரை அறுவைக்குப் பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பாட்டிகளை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

காதுக்கு மட்டும் இன்னும் அதே பழைய பதில்தான். எனக்கு ஆறாத வருத்தம் இது.

மூப்பில் முதலில் மங்குவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். உட்காதின் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. குரல் கேட்கும், சொல் பிடிபடாது. 'காசு' என்றால் 'காது' என்று விழும். கத்திப் பேசினால் இரைச்சல்தான் கூடும். முகம் பார்த்து நிதானமாகப் பேசினால் பாதி புரியும். எண்பது தாண்டிய அப்பத்தா, திண்ணையில் எல்லோரும் சிரித்தால் தானும் சிரித்துத் தலையாட்டுவார். மறதி வந்துவிட்டது என்று நினைத்தோம். மறதிநோய்க்கான, நாம் மாற்றக்கூடிய காரணங்களில் காது கேளாமையும் ஒன்று என்று லான்செட் ஆணையம் 2020-ல் சொன்னதைப் பிறகுதான் படித்தேன்.

கருவி வாங்கினோம். இரண்டே வாரத்தில் அது சுருக்குப்பைக்குள் போய்விட்டது. தட்டு விழும் சத்தம் மண்டையில் அடிக்கிறது என்றார். மூளை பழகச் சில வாரமாவது ஆகும், திரும்ப வந்து ஒலியைச் சரிசெய்ய வேண்டும் என்று விற்ற இடத்தில் யாரும் சொல்லவில்லை. ஒன்றிய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017-லிருந்து ஏழை முதியவர்களுக்குக் காதுக் கருவியும் தருகிறது. நல்ல காரியம். ஆனால் கூடவே பழக்கிவிட ஓர் ஆள் வேண்டும்.

வேறொரு இடத்தில் இருமுறை சரிசெய்து, அமைதியான அறையில் தினமும் ஒரு மணி நேரம் என்று பழக்கினோம். ஒரு சாயங்காலம் திண்ணையில் அத்தைகள் கல்யாணப் பேச்சில் இருந்தார்கள். அப்பத்தா தலையாட்டவில்லை. குறுக்கே புகுந்து கேட்டார்: "மாசியிலயா, பங்குனியிலயா?"