பொது அறிவு என்னும் வாயில்: இந்தியப் போட்டிப் பரீட்சைகள் குறித்துச் சில சிந்தனைகள்

போட்டிப் பரீட்சைக்குத் தோற்றும் இந்திய இளைஞர் பயன்படுத்தும் பொது அறிவு நூல் ஒன்றைப் புரட்டுவோமாயின், அத்துணைப் பெரிய நாடு முழுவதும் சிறு சிறு விடைகளாக வகுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அரசியல் யாப்பு ஏற்றுக்கொள்ளப்பட்ட நாள் 1949 நவம்பர் 26. அது நடைமுறைக்கு வந்த நாள் 1950 ஜனவரி 26. வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைப் புகுத்தியவர் கோர்ண்வாலிஸ். ஆந்திர மாநிலம் உருவாகியது 1953 இல். இவை யாவும் உண்மைகளே. ஆயினும், எண்ணிறந்த உண்மைகளுள் இவை மட்டும் 'பொது அறிவு' என்னும் தகுதியைப் பெற்றது எவ்வாறு என்ற வினா எந்நூலிலும் எழுப்பப்படுவதில்லை.

'பொது' என்னும் அடைமொழி எல்லார்க்கும் உரியது என்ற எண்ணத்தை நம்மிடத்து எளிதில் தோற்றுவிக்கின்றது. இந்திய நிர்வாகப் பரீட்சைகளின் வரலாறோ வேறொன்றைக் காட்டுகின்றது. எவ்வறிவு பொதுவானது, அதனை எம்மொழியிற் கூறவேண்டும், கூறும் வாய்ப்பு யாருக்கு உண்டு என்பன அவ்வக்காலத்து அதிகார உறவுகளாலேயே தீர்மானிக்கப்பட்டுள்ளன. அவ்வுறவுகள் மக்கள் இயக்கங்களால் அசைக்கப்பட்டபோதெல்லாம் 'பொது' என்பதன் எல்லையும் விரிந்துள்ளது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலண்டனில் அளக்கப்பட்ட அறிவு

கிழக்கிந்தியக் கும்பனியின் உயர் பதவிகள் நெடுங்காலமாக அதன் இயக்குநர்களின் பரிந்துரையினாலேயே வழங்கப்பட்டு வந்தன. 1853 ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இம்முறைக்கு முடிவுகட்டியது. அடுத்த ஆண்டில் மெக்காலே தலைமையிலான குழு திறந்த போட்டிப் பரீட்சை ஒன்றினை விதந்துரைத்தது. 1855 இல் முதற் பரீட்சை இலண்டனில் நடைபெற்றது.

அப்பரீட்சையின் புள்ளிப் பங்கீடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றுக்கு 1500 புள்ளிகள். கிரேக்கத்திற்கு 750, இலத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்திற்கும் அரபு மொழிக்கும் தனித்தனியே 375. கங்கைச் சமவெளியிலோ தக்காணத்திலோ நிர்வாகம் நடத்தப்போகும் ஒருவனுக்கு ஹோமரின் மொழி, காளிதாசனின் மொழியைப் போன்று இருமடங்கு பெறுமதியுடையதாகக் கருதப்பட்டது. மக்கள் நாடோறும் பேசிய இந்திய மொழிகளுக்குப் போட்டிப் பரீட்சையில் இடமே இருக்கவில்லை. அவற்றையும் இந்தியச் சட்டத்தையும் வரலாற்றையும் தெரிவு செய்யப்பட்டவர்கள் பின்னர்ப் பயிற்சிக் காலத்திற் கற்றுக்கொண்டனர். சுருங்கக் கூறின், இந்தியாவை ஆள்பவரைத் தெரிவதற்கு இந்தியாவைப் பற்றிய அறிவு வேண்டப்படவில்லை. ஆங்கிலக் கனவானுக்குரிய பொதுக் கல்வியே வேண்டப்பட்டது; அதுவே அன்றைய 'பொது அறிவு'. ஒக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற இளைஞரை ஈர்ப்பதே திட்டத்தின் உட்கிடை என்பதை மனங்கொண்டால், இப்பங்கீட்டின் தருக்கம் தெளிவாகும்.

சட்டப்படி இந்தியருக்குக் கதவு திறந்தே இருந்தது. நடைமுறையில் அக்கதவு கடலுக்கு அப்பால் இருந்தது. பயணச் செலவு, சாதி விலக்கம் பற்றிய அச்சம், அந்நிய மொழியிற் பெறவேண்டிய புலமை என்பவற்றைக் கடந்து 1863 இல் முதன்முதலாகத் தேறியவர் இரவீந்திரநாத் தாகூரின் தமையனாரான சத்தியேந்திரநாத் தாகூர். நம் நாட்டிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. திறந்த போட்டிப் பரீட்சை வாயிலாக 1875 இல் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரான பொன்னம்பலம் அருணாசலம், கேம்பிரிட்ஜிற் கற்றவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

2. வயதெல்லையும் தேசிய உணர்வும்

1855 இல் பரீட்சைக்கான உச்ச வயதெல்லை 23 ஆக இருந்தது. 1860 இல் அது 22 ஆகவும், 1866 இல் 21 ஆகவும் குறைக்கப்பட்டது. இந்திய மாணவர் தேறத் தொடங்கிய பின்னர், 1876 இல், அது 19 ஆகக் குறைக்கப்படுமென அறிவிக்கப்பட்டது. 1878 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிற் பள்ளிக் கல்வியை முடித்து, இங்கிலாந்து சென்று, பத்தொன்பது வயதுக்குள் ஆங்கிலேய மாணவரோடு போட்டியிடுதல் மிக அரிதாயிற்று. ஓர் எண்ணை மாற்றுவதன் மூலம் ஓர் இனத்தை விலக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதற்கு எழுந்த எதிர்ப்பு இந்திய அரசியலின் போக்கையே மாற்றியது. 1869 இல் பரீட்சையிற் தேறிச் சேவையிற் புகுந்து, 1874 இல் பதவி நீக்கப்பட்ட சுரேந்திரநாத் பானர்ஜி, 1876 இல் கல்கத்தாவில் இந்தியச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர். வயதெல்லைப் பிரச்சினையை முன்வைத்து அவர் மாகாணந்தோறும் சென்று கூட்டங்கள் நடத்தினார். வெவ்வேறு மாகாணங்களின் கற்றோர் ஒரே கோரிக்கையின் கீழ் ஒன்றுதிரண்ட தொடக்ககால நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்றாகும். 1885 டிசெம்பரில் பம்பாயிற் கூடிய இந்திய தேசிய காங்கிரசின் முதலாவது மகாநாடும், பரீட்சை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்தப்படல் வேண்டுமெனத் தீர்மானித்தது. 1893 இல் பிரித்தானியப் பொதுமக்கள் சபை இக்கோரிக்கையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றிய பின்னரும் அது செயற்படுத்தப்படவில்லை. 1922 இலேயே அலகாபாத்தில் முதன்முறையாகப் பரீட்சை நடைபெற்றது.

இன்றைய வினா-விடை நூலில் 'இந்தியாவில் சிவில் சேவைப் பரீட்சை முதலில் நடைபெற்ற ஆண்டு எது?' என்ற வினா இடம்பெறின், '1922' என்பதே விடையாகும். முதற் பரீட்சைக்கும் அவ்வாண்டுக்கும் இடைப்பட்ட அறுபத்தேழு ஆண்டுகளின் போராட்டம் விடையினுள் அடங்குவதில்லை.

இவ்விடத்து முரண்பாடு ஒன்றையும் சுட்டுதல் தகும். அந்நியராட்சிக்குச் சேவகரைத் தேடிய அதே பரீட்சை அவ்வாட்சியின் விமரிசகர்களையும் உருவாக்கியது. 1869 இற் தேறிய மற்றொருவரான ரொமேஷ் சந்திர தத், ஓய்வுபெற்ற பின்னர் எழுதிய இந்தியப் பொருளாதார வரலாறு, வரிச்சுமையையும் கைத்தொழிற் சிதைவையும் ஆவணங்கொண்டு வெளிப்படுத்தியது. 1920 இற் சிறப்பாகத் தேறிய சுபாஷ் சந்திர போஸ் அடுத்த ஆண்டே பதவியைத் துறந்தார்.

3. மொழியும் சமூக நீதியும்

சுதந்திரத்தின் பின்னர் பரீட்சைகளை நடத்தும் பொறுப்பு மத்திய பொதுச் சேவை ஆணைக்குழுவைச் சார்ந்தது. வினாக்களில் இந்தியா இடம்பெற்றது. விடையளிக்கும் மொழி ஆங்கிலமாகவே நீடித்தது. 1965 ஜனவரி 26 முதல் இந்தியே மத்திய ஆட்சிமொழியாகும் என்ற நிலை நெருங்கியபோது தமிழ்நாட்டு மாணவர் கொதித்தெழுந்தமைக்கு மொழிப்பற்று மட்டும் காரணமன்று. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கு மத்திய சேவைப் பரீட்சை எளிதாகவும், ஏனையோருக்கு அது இரட்டைச் சுமையாகவும் ஆகிவிடும் என்ற நியாயமான அச்சமும் அவ்வெழுச்சிக்கு அடித்தளமாயிற்று. ஆங்கிலத்தின் இடத்தில் இந்தியை வைப்பதால் வாயில் அகலப்போவதில்லை, காவலர் மட்டுமே மாறுவர் என்பது அவர்தம் வாதத்தின் சாரமாகும்.

1968 இன் ஆட்சிமொழித் தீர்மானம், யாப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகள் அனைத்தையும் ஆங்கிலத்துடன் பரீட்சை மொழிகளாக ஏற்பதற்கு உறுதியளித்தது. 1974 இல் நியமிக்கப்பட்ட கோத்தாரி குழு 1976 இல் அறிக்கை சமர்ப்பித்தது; அதனடிப்படையில் 1979 முதல் முதனிலைப் பரீட்சை, பிரதான பரீட்சை என்ற ஒழுங்கு வந்தது. பிரதான பரீட்சையின் பொது அறிவுத் தாள்களுக்குத் தமிழிலோ வங்காளத்திலோ மராத்தியிலோ விடையெழுதும் உரிமை இவ்வாறே நிலைபெற்றது.

சாதியும் வர்க்கமும் எழுப்பிய மதில்கள் தனி வரலாறுடையவை. தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முறையே 15, 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. 1980 இல் அறிக்கை சமர்ப்பித்த மண்டல் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத ஒதுக்கீடு 1990 இல் அறிவிக்கப்பட்டு, 1992 இல் உச்ச நீதிமன்றத்தால் ஏற்கப்பட்டது. இதற்கெதிராக எழுந்த 'தகுதி' என்னும் கூக்குரலைக் கேட்போர், 1855 இன் புள்ளிப் பங்கீட்டை ஒருமுறை மீட்டு நோக்குதல் நன்று. தகுதியின் அளவுகோலும் மனிதராற் செய்யப்பட்டதே.

போராட்டம் முற்றுப்பெற்றுவிடவில்லை. 2011 இல் முதனிலைப் பரீட்சையிற் சேர்க்கப்பட்ட உளச்சார்புத் தாள், ஆங்கிலம் கற்ற நகர்ப்புற மாணவருக்கும் பொறியியல், முகாமைத்துவம் பயின்றோருக்குமே சாதகமானதெனக் குற்றஞ்சாட்டப்பட்டது. 2014 இல் டெல்லியில் கிளர்ச்சிகள் நடைபெற்றன. 2015 முதல் அத்தாளில் 33 சதவீதம் பெற்றாற் போதும், அதன் புள்ளிகள் தரப்படுத்தலிற் கணக்கிடப்படா என்ற மாற்றம் வந்தது. 2013 இல் பிராந்திய மொழிகளில் எழுதும் உரிமையைக் கட்டுப்படுத்த முயன்ற விதிகளும் பாராளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பினால் கைவிடப்பட்டன. எனினும் முதனிலைப் பரீட்சையின் வினாக்கள் இன்றும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகின்றன என்பது நோக்கற்பாலது.

4. விடைக்குள் அடங்காத இந்தியா

வாயிலின் அகலத்தைப் பற்றி இதுவரை கூறினோம். அதன் ஊடாகச் செல்லும் அறிவின் இயல்பு எத்தகையது? முதனிலைப் பொது அறிவுத் தாளில் இரண்டு மணி நேரத்தில் நூறு பல்தேர்வு வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். தவறான விடைக்கு அவ்வினாவிற்குரிய புள்ளியின் மூன்றிலொரு பங்கு கழிக்கப்படும். இவ்வமைப்பில் விவாதத்திற்குரிய எதனையும் வினவ இயலாது.

நிரந்தர நிலவரித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 'கோர்ண்வாலிஸ், 1793' என்பது விடை. குடிகளிடமிருந்து பெறும் குத்தகையில் பதினொன்றிற் பத்துப் பங்கு அரசுக்குரியதென நிலையாக வகுக்கப்பட்டதும், குறித்த நாளிற் சூரியன் மறையுமுன் வரி செலுத்தத் தவறிய சமீன்கள் ஏலத்திற்கு வந்ததும், 1799 இன் ஒழுங்குவிதி குடியானவரின் விளைச்சலையும் உடைமையையும் பறிமுதல் செய்யும் அதிகாரத்தைச் சமீன்தாருக்கு அளித்ததும் அவ்விடையில் இல்லை. ஓர் ஆளுநரின் பெயர் எஞ்சி நிற்க, உழவன் மறைந்துவிடுகிறான்.

ஆந்திர மாநிலத்தின் தோற்றமும் அத்தகையதே. '1953 ஒக்டோபர் 1' என்ற விடைக்குப் பின்னால், சென்னையில் உண்ணாவிரதமிருந்து 1952 டிசெம்பர் 15 இல் உயிர்நீத்த பொட்டி சிறீராமுலுவும், மொழிவழி மாநிலக் கோரிக்கையை ஏற்கத் தயங்கிய மத்திய அரசும் உள்ளனர். யாப்பு நடைமுறைக்கு வந்த ஜனவரி 26, 1930 இற் கொண்டாடப்பட்ட பூரண சுயராச்சிய நாளை நினைவூட்டுவதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. தேதியை அறிந்தவன் இத்தொடர்பை அறியாதிருப்பின், அவன் அறிந்தது ஓர் எண் மட்டுமே.

1857 பற்றிய வினா இன்னும் சிக்கலானது. அதன் நூற்றாண்டான 1957 இல், ஆர்.சி. மஜும்தார் அதனைத் தேசிய சுதந்திரப் போரென ஏற்க மறுத்து எழுதினார்; எஸ்.என். சென் அரசின் சார்பிலே தம் நூலை வெளியிட்டார், பி.சி. ஜோஷி தொகுத்த நூல் அதனை மக்கள் எழுச்சியென்னும் நோக்கில் அணுகியது. ஒரே ஆண்டில் வெளிவந்த மூன்று நூல்கள் மூன்று நோக்கினவாக இருந்தன. இவ்விவாதமே வரலாற்றறிவாகும். பல்தேர்வு வினாவோ மீரட்டில் எழுச்சி தொடங்கிய நாளையும் ஜான்சியின் அரசியின் பெயரையும் மட்டுமே வினவ வல்லது.

5. இரு தவறுகள்

இதனைக் கொண்டு பொது அறிவு நூல்களை எள்ளி நகையாடுதல் கற்றோரிடையே வழக்கமாக உள்ளது. அது ஒரு தவறு. நூலகமற்ற சிற்றூரிற் பிறந்து, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் மாணவனுக்கு அம்மலிவுப் பதிப்பே இந்தியா முழுமையையும் அறிமுகம் செய்கின்றது. செல்வர் வீட்டுப் பிள்ளை உரையாடல்களிலிருந்தும் பயணங்களிலிருந்தும் இயல்பாகப் பெறுவதை அவன் மனனஞ் செய்து பெறவேண்டியுள்ளது. அவ்வுழைப்பை இகழ்வது வர்க்கச் செருக்கேயாகும். பிரதான பரீட்சையில் 2013 முதல் இடம்பெறும் நான்கு பொது அறிவுத் தாள்களில் காரணங்களை விளக்கி எழுதும் வாய்ப்பு உண்டு என்பதையும் மறத்தலாகாது.

விடைத்தொகுப்பையே அறிவெனக் கொள்வது மற்றைத் தவறு. நிலம், சாதி, மொழி என்பன பற்றிய முரண்பாடுகளை நாளை மாவட்டந்தோறும் தீர்க்கப்போகும் அதிகாரி, அவற்றின் வரலாற்றை ஆண்டுகளாகவும் பெயர்களாகவும் மட்டுமே அறிந்திருப்பாராயின், பாதிக்கப்படுவோர் மனுவுடன் அவர் முன் நிற்கும் மக்களே.

1855 இன் புள்ளிப் பங்கீடு முதல் 2014 இன் கிளர்ச்சி வரை நாம் கண்டது ஒரு தொடர்ச்சியே. பரீட்சையின் ஒவ்வொரு விதியும் ஒரு சமூகத் தெரிவு, மாற்றப்படக்கூடியது, பலமுறை மாற்றப்பட்டும் உள்ளது. பொது அறிவு நூலைக் கையிலேந்தும் மாணவன் விடையை மனத்திற் பதிப்பதோடு அமையாது, 'இவ்வினாவை வினவியவர் யார்? வினவாது விட்டது எது?' என்றும் தன்னுள்ளே கேட்பானாயின், அவன் கற்பது பரீட்சையோடு முடிந்துபோகாது.