நுரை சொல்லும் சேதி

விறகு நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

நார்வே நாட்டில் இதற்கு ஓர் அழகான சோதனை உண்டு. பிர்ச் மரத் துண்டின் ஒரு முனையில் சோப்புத் தண்ணீரைத் தடவி, மறுமுனையில் வாய் வைத்து ஊதுகிறார்கள். நுரை பொங்கி வந்தால் விறகு தயார்! மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து நீரை மேலே ஏற்றிய மெல்லிய குழாய்கள்தான், ஈரம் வற்றியதும் காற்றுக்கு வழிவிடுகின்றன.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதை அப்படியே எரித்தால், வீட்டைச் சூடாக்க வேண்டிய வெப்பம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். புகைபோக்கியிலும் கரி படியும். அதனால்தான் அங்கே குளிர்காலம் முடியும் தறுவாயிலேயே மரத்தை வெட்டிப் பிளந்து, கோடை முழுவதும் காற்றாட அடுக்கி வைக்கிறார்கள்.

அந்த அடுக்கும் வேலையில் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை தெரியுமா? 2013-இல் நார்வே தொலைக்காட்சி, விறகைப் பற்றியே 12 மணி நேரம் ஒளிபரப்பியது. விறகின் பட்டை மேலே பார்த்திருக்கிறதே என்று சிலரும், கீழே பார்த்திருக்கிறதே என்று வேறு சிலரும் நிலையத்துக்குப் புகார் அனுப்பினார்கள்.