ஆபீஸ் மெடிக்கல் கேம்ப் முடிந்த பிறகு என்ன?

இன்னைக்குப் பேசப்போற விஷயத்துல என் சொந்தக் கதையும் கொஞ்சம் கலந்திருக்கு. அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் மெடிக்கல் கேம்ப், யோகா வகுப்பு, நடைப் போட்டின்னு ஏதாவது ஒண்ணு நடந்துக்கிட்டே இருக்கு இல்லையா? இதெல்லாம் சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு மாதிரி நாள்பட்ட நோய்களை உண்மையிலேயே தடுக்குமா? இதுதான் இன்றைய கேள்வி.

சில வருஷங்களுக்கு முன்னால் சென்னையில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். நவம்பர் 14, உலக நீரிழிவு நாள். கீழ்த்தளத்தில் மேசை போட்டு எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்க. நாலு நாள் கழித்து ஒரு கவர் வந்தது. எச்பிஏ1சி 6.1, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அவ்வளவுதான். அதற்கு என்ன அர்த்தம்னு யாரும் சொல்லலை, நானும் கேட்கலை. கவர் டிராயருக்குள்ள போயிடுச்சு. இரண்டரை வருஷம் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக டெஸ்ட் எடுத்தப்போ அதே எண் 7.8.

எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களில் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று காட்டும் அளவு. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய நிலை. அதாவது எனக்கு வந்த அந்த நட்சத்திரக் குறி, ‘இன்னும் நேரம் இருக்கு’ன்னு சொன்ன குறி. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி பேர். முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13 கோடிக்கும் மேல். இதில் பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போகிற வயதில் இருப்பவர்கள்.

சரி, அந்த நிலையில் இருப்பவரைத் திருப்ப முடியுமா? முடியும். அதை நிரூபித்த முக்கியமான ஆய்வு ஒன்று நம்ம சென்னையிலேயே நடந்தது. டாக்டர் அ. இராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் டெஸ்டில் சர்க்கரை வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்து வேலைக்காரர்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருஷத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடை, உணவு மாற்றம் என்று தொடர்ந்து வழிநடத்தப்பட்டவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான்.

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. வழிநடத்தப்பட்டவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. ஆனாலும் நோய் குறைந்தது. நடக்கும்போது தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது, இன்சுலினுக்கு இன்னும் நன்றாகச் செவிசாய்க்கிறது. இது எடை மெஷினில் தெரியாது. அதனால் ‘மூணு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையலை’ன்னு யாராவது விட்டுட்டா, தயவுசெய்து திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்க.

அதே குழு 2013-ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. 35 முதல் 55 வயது வரையிலான வேலை பார்க்கும் ஆண்கள் 537 பேர், எல்லோரும் முந்தைய நிலையில் இருந்தவர்கள். தொடக்கத்தில் எல்லாருக்கும் ஒரே அறிவுரை. அதன் பிறகு பாதிப் பேருக்கு மட்டும் செல்போனில் தொடர்ந்து குறுஞ்செய்தி: இதைச் சாப்பிடுங்க, இன்னைக்கு நடந்தீங்களா, இந்த மாதிரி. இரண்டு வருஷ முடிவில் செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. செய்தி வந்தவர்களில் 18 சதவீதம். நூறு பேரில் ஒன்பது பேர் தப்பித்திருக்கிறார்கள், வெறும் எஸ்.எம்.எஸ்-ஸால்!

இப்போ அப்படியே அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே வெல்னஸ் திட்டம் என்பது பெரிய வியாபாரம். 2019-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், பிஜேஸ் என்ற சில்லறை விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகளில் 20 கிளைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் ஆரோக்கியத் திட்டம் நடத்தினார்கள். எல்லாக் கிளைகளையும் சேர்த்தால் சுமார் 33,000 ஊழியர்கள். ஒன்றரை வருஷம் கழித்து, ‘நான் உடற்பயிற்சி செய்கிறேன்’ என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இல்லினாய் பல்கலைக்கழக ஊழியர்களிடம் நடந்த ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. கூடவே இன்னொரு உண்மையும் வெளிவந்தது: இந்தத் திட்டங்களில் தானாக வந்து சேர்பவர்கள் ஏற்கெனவே மற்றவர்களைவிட ஆரோக்கியமாக இருப்பவர்கள். நம்ம ஆபீஸ் நடைப் போட்டியில் ஒவ்வொரு வருஷமும் யார் ஜெயிக்கிறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. மக்கள் வேறு, அளந்தவையும் வேறு. ஆனாலும் எனக்குப் புரிந்தது இது: எல்லோருக்கும் பொதுவாகக் கடை விரித்துவிட்டு, ‘வருகிறவர்கள் வரட்டும்’ என்று உட்கார்ந்தால், தேவைப்படுகிறவர் வர மாட்டார். சென்னை ஆய்வுகளில் ஆபத்தில் இருப்பவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள், பிறகு வருஷக்கணக்கில் அவரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். என் கவரில் இருந்த 6.1-க்குத் தேவைப்பட்டதும் ஒரு போன் கால்தான்.

இதோடு இன்னொரு விஷயத்தையும் சொல்லியாகணும். அந்தக் கேம்ப் நடந்த அன்றைக்கு வாசலில் நின்ற செக்யூரிட்டி அண்ணன் என்னிடம் கேட்டார்: “சார், எங்களுக்கும் பார்ப்பாங்களா?” விசாரித்தேன். பட்டியலில் கம்பெனி ஊழியர்கள் மட்டும்தான், கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாது என்றார்கள். “இல்லண்ணே”ன்னு சொல்லிட்டு மேலே போயிட்டேன். நைட் டியூட்டியில் தூக்கம் வராமல் இருக்க ஆறேழு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அவருடைய இரவு அப்படித்தான் போகும். அடுத்த வருஷம் காலில் ஆறாத புண். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான் சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரிந்தது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அன்றைக்குக் கேட்ட கேள்வி இன்னைக்கும் எனக்கு உறுத்துது.

அதனால் உங்க ஆபீஸில் அடுத்த கேம்ப் அறிவிச்சா, எச்.ஆர்-கிட்ட நாலு கேள்வி கேளுங்க.

ஒன்று, ரிசல்ட் வந்த பிறகு யார் எங்களைக் கூப்பிடுவாங்க? மாதம் ஒரு போன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் என்று ஏதாவது ஏற்பாடு உண்டா?

இரண்டு, ரிப்போர்ட்டை யார் பார்ப்பாங்க? மேனேஜர் கைக்குப் போகும் என்ற பயம் இருந்தால், ஆபத்தில் இருப்பவர்தான் முதலில் நழுவுவார். அது ஊழியருக்கும் மருத்துவருக்கும் மட்டும்தான் தெரியணும்.

மூன்று, கேன்டீன் மாறுமா? ‘எண்ணெயைக் குறைங்க’ன்னு காலையில் வகுப்பு எடுத்துட்டு, சாயங்காலம் பஜ்ஜியும் சர்க்கரை போட்டுக் கலந்த டீயும் மட்டும் வைத்தால் என்ன பிரயோஜனம்? சுண்டலும், சர்க்கரையைத் தனியாகத் தருகிற டீயும் பெரிய செலவில்லை. சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடக்க நேரம் கொடுப்பதற்குச் செலவே இல்லை.

நான்கு, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கேன்டீன் ஆட்கள் பட்டியலில் இருக்காங்களா?

உங்க டிராயரிலும் பழைய கவர் ஏதாவது கிடந்தால், இன்னைக்கே எடுத்துப் பாருங்க. நட்சத்திரக் குறி இருந்தால், அந்தத் தாளோடு இந்த வாரமே ஒரு டாக்டரைப் பார்த்துடுங்க. நான் இப்போ மாத்திரையும் நடையுமா இருக்கேன், சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. ஆனா மாத்திரை இல்லாமலே சமாளிச்சிருக்கக்கூடிய இரண்டரை வருஷத்தை அந்த டிராயருக்குள்ளயே விட்டுட்டேன். நீங்க விட்டுடாதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.