ஆகாயத்திற்குப் பூட்டு

யுத்தம் என்பது எல்லைப்புறத்து விவகாரம், அதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணம் தமிழ்நாட்டில் பலருக்கு இன்னும் போகவில்லை. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில், சிறுமலையைப் பார்த்தபடி சமவெளியில் அமைந்திருக்கிறது சாணார்பட்டி. மாந்தோப்புகளையும் புளியமரங்களையும் மழையையும் நம்பி வாழும் பூமி அது. காஷ்மீரத்துப் பனிமலை எங்கே, சாணார்பட்டி எங்கே என்று அங்குள்ள குடியானவர் கேட்டால் அதை அறியாமை என்று நாம் தள்ளிவிட மாட்டோம். ஆனால் அவரிடம் வேறொரு கணக்கை எடுத்துச் சொல்வோம். கிழக்கே தொண்டிக் கடற்கரை சாணார்பட்டியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர். மாட்டு வண்டிக்கு அது சில நாள் பிரயாணம். பஸ்ஸுக்குச் சில மணி நேரம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் போர் விமானத்திற்கோ வெறும் எட்டு நிமிஷம். விமானம் பிறந்த பிறகு, உள்நாடு என்பதால் மட்டும் பத்திரமாக இருக்கும் ஊர் எதுவுமில்லை.

இது கற்பனைப் பயமன்று. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்தபோது, கடலோரத்தில் இருந்தவர்களே அஞ்சினார்கள். கடலை விட்டு விலகினால் போதும் என்றிருந்த காலம் அது. 1942 ஏப்ரலில் நிலைமை வேறாகிவிட்டது. ஜப்பானியக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் 5-ந் தேதி கொழும்பையும், 6-ந் தேதி விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும், 9-ந் தேதி திருகோணமலையையும் தாக்கின. சென்னை நகரத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினார்கள். சர்க்கார் அலுவலகங்களே இடம் மாறின. நம் ஆகாயத்தின் காவல் அன்று அன்னியன் கையில் இருந்தது. காவல் வேண்டும் என்று கேட்கும் அதிகாரம்கூட நமக்கு இல்லை.

சுதந்திரம் வந்த இரண்டரை மாதத்திற்குள் ஆகாயப் படையின் அருமையைத் தேசம் கண்டது. 1947 அக்டோபர் 27 காலை டில்லியிலிருந்து டகோட்டா விமானங்களில் சென்று இறங்கிய முதலாவது சீக்கியப் பட்டாளம் ஸ்ரீநகர் விமானத் தளத்தைக் காத்தது. தரை வழியாகச் சென்றிருந்தால், அது போய்ச் சேருவதற்குள் நகரம் கைமாறியிருக்கும்.

1962-ல் நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது. சீனப் படை இமயத்தில் இறங்கிவந்தபோது நம் விமானங்கள் சிப்பாய்களையும் சாமான்களையும் சுமந்தன. ஆனால் போர் விமானங்களுக்கு உத்தரவு பிறக்கவில்லை. நம் நகரங்கள் மீது எதிரி குண்டு வீசுவான் என்ற அச்சம் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. அந்த நவம்பர் 19-ந் தேதி பிரதமர் நேரு அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்குக் கடிதம் எழுதினார். பன்னிரண்டு ஸ்குவாட்ரன் போர் விமானங்களை, அமெரிக்க விமானிகளுடனேயே, அனுப்புமாறு அதில் கேட்டிருந்தார். எந்த அணியிலும் சேருவதில்லை என்பதைத் தேசத்தின் கொள்கையாகக் கொண்ட மனிதர் அப்படி எழுத நேர்ந்ததே! அவரைப் பழிப்பதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. ஆகாயத்தைத் தானே காக்க முடியாத தேசம், நெருக்கடி வந்ததும் தன் கொள்கையையே அடகு வைக்க நேரிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் தேவையில்லை.

பிறகு நாம் பாடம் கற்றோம். 1971 டிசம்பரில் கிழக்கு வங்காளத்து ஆகாயம் சில நாட்களுக்குள் முழுமையாக நம் வசமாயிற்று. 14-ந் தேதி மிக்-21 விமானங்கள் டாக்காவிலிருந்த கவர்னர் மாளிகையைத் தாக்கின. கவர்னர் அன்றே ராஜீனாமாச் செய்தார். 16-ந் தேதி பாகிஸ்தான் படை சரணடைந்தது. டிசம்பர் 14-ந் தேதியே ஸ்ரீநகரில், 18-வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த நிர்மல்ஜித் சிங் செகோன் தனி விமானத்தில் எதிரிகளை எதிர்த்து உயிர் நீத்துப் பரம் வீர் சக்ரம் பெற்றார். அதே ஸ்குவாட்ரன் 2020-ல் தேஜஸ் விமானங்களுடன் நம் கோயம்புத்தூர் அருகேயுள்ள சூலூரில் மீண்டும் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு தஞ்சாவூரில், பிரமோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய் விமானங்களுடன் 222-வது ஸ்குவாட்ரன் நிறுத்தப்பட்டது. தென்கடலும் காவலுக்குரிய எல்லையே என்பதைத் தேசம் காலம் கடந்தேனும் ஏற்றுக்கொண்டது.

குண்டு வீசுவது மட்டுமே ஆகாயப் படையின் வேலை என்றும் கருத வேண்டாம். 1987 ஜூன் 3-ந் தேதி யாழ்ப்பாணத்துத் தமிழர்களுக்கு உணவும் மருந்தும் ஏற்றிச் சென்ற நம் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் விமானங்களின் காவலுடன், யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து சுமார் 25 டன் பொருள்களை இறக்கின. ‘பூமாலை’ என்று பெயரிட்ட அந்தச் செயலைப் பற்றி அபிப்பிராய பேதங்கள் உண்டு. அதன்பின் விளைந்தவற்றைப் பற்றி இன்னும் அதிகம் உண்டு. ஆனால் ஒரு தேசத்தின் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பதை அதன் விமானங்கள் நிர்ணயிக்கின்றன என்பதைப் பாக் ஜலசந்தியின் இரு கரையிலும் இருந்தவர்கள் அன்று கண்டார்கள்.

ஆகவே பலமான ஆகாயப் படை வேண்டும் என்பதில் விவாதத்திற்கு இடமில்லை. அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் விவாதத்திற்குரிய விஷயம். பணம் இருந்தால் விமானம் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஒரு கட்சி. நாம் அந்தக் கட்சி அல்ல. அதற்குக் காரணத்தைத் தேடித் தூரதேசம் போகவேண்டியதில்லை. சாணார்பட்டியிலிருந்து திண்டுக்கல் மலைக்கோட்டை வரை போனால் போதும்.

1755-ல் மைசூர் ராஜ்யத்தின் பௌஜ்தாராக ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு வந்தார். அங்கேதான் பிரெஞ்சுக்காரர்களின் துணையுடன் கைதேர்ந்த தொழிலாளரைக் கூட்டிப் பீரங்கிச் சாலையும் ஆயுதச் சாலையும் அமைத்தார். பிற்காலத்து மைசூர்ப் படையின் தொழில் திறமைக்கு அது ஒரு முக்கியமான ஆரம்பம். இரும்புக் குழலில் மருந்தைக் கெட்டித்து எய்யும் ராக்கெட்டுகளைப் பெருவாரியாகப் பிரயோகித்த படை அது. 1780 செப்டம்பர் 10-ந் தேதி காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில், கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படையை ஹைதரும் திப்புவும் முறியடித்தார்கள். அந்நாளில் ஐரோப்பாவிடம் அதற்கு ஈடான ராக்கெட் இருக்கவில்லை.

பிறகு நடந்ததைத்தான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. உல்விச் ஆயுதச் சாலையில் வில்லியம் காங்கிரீவ் என்பவர் அவற்றை ஆராய்ந்து, திருத்தி, பெருக்கினார். 1807-ல் கோபன்ஹேகன் நகரம் அவற்றால் எரிந்தது. இங்கிலீஷ்காரன் வெற்றிக் கொடியோடு வித்தையையும் கொண்டுபோனான். பட்டறையில் வைத்து அதை வளர்த்தான். நாமோ மலைக்கோட்டையை மட்டும் வைத்துக்கொண்டு பட்டறையை மறந்தோம். நம் ராமேசுவரத்து அப்துல் கலாம் 1960-களில் அமெரிக்காவின் வாலப்ஸ் ராக்கெட் நிலையத்திற்குச் சென்றபோது, அங்கே மாட்டியிருந்த ஓவியத்தில் திப்புவின் ராக்கெட் படையைக் கண்டு வியந்ததாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நம்மவர் வீரத்தை அன்னியன் தன் சுவரில் மாட்டி வைத்திருந்தான். திப்புவின் சொந்த நாட்டிலேயே அது மறக்கப்பட்டுவிட்டது என்று அவர் எழுதியதில் நியாயம் இருந்தது.

சுதந்திர இந்தியாவும் இதே தவற்றைச் செய்தது. ஜெர்மன் நிபுணர் கர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவான ‘மாருத்’ போர் விமானம் 1961 ஜூன் 17-ல் முதன்முதலாகப் பறந்தது. உடல் அழகியது, அமைப்புச் சிறந்தது, அதற்குத் தகுந்த எஞ்சின்தான் இல்லை. அதிக சக்தியுள்ள பிரிட்டிஷ் எஞ்சினை வளர்க்கும் செலவை ஏற்க நாம் மறுத்தோம். ஒலியின் வேகத்தை மீற வேண்டிய விமானம், சக்தி குறைந்த எஞ்சினுடன் ஆயுள் முழுவதும் தடுமாறியது. எஞ்சினின் சக்தியைக் கூட்டும் சோதனையின்போது 1970-ல் குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். மொத்தம் 147 விமானங்களோடு அந்த முயற்சி முடிந்தது.

அடுத்து வந்தது தேஜஸ். 1998 மே மாதம் போக்ரானில் நாம் அணுகுண்டுச் சோதனை நடத்தியதும், அமெரிக்காவில் அந்த விமானத்தின் கட்டுப்பாட்டுக் கருவிகளில் வேலை செய்துகொண்டிருந்த நம் விஞ்ஞானிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் சோர்ந்துவிடாமல் தாய்நாட்டிலேயே அந்த வேலையை முடித்தார்கள். 2001 ஜனவரி 4-ல் தேஜஸ் பறந்தது. ஆனால் அதன் எஞ்சின் அமெரிக்காவுடையதுதான். அதற்கென்று 1989-ல் தொடங்கிய நம் சொந்த எஞ்சினுக்குக் ‘காவேரி’ என்று பெயர். வேண்டிய சக்தியை எட்டாமையால் 2008-ல் தேஜஸிலிருந்து அது பிரிக்கப்பட்டது. காவேரி நதியின் நீர் கடைமடைக்கு வந்து சேராத துக்கத்தைத் தஞ்சை ஜில்லா அறியும். இந்தக் காவேரியும் பாதி வழியில் நின்றது.

அதன் விளைவு என்ன? 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு உத்தரவு தரப்பட்டது. 2024-ல் அவை வரத் தொடங்க வேண்டும். அவற்றுக்குரிய முதல் அமெரிக்க எஞ்சினே 2025 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. அந்தச் செப்டம்பர் 26-ல் கடைசி மிக்-21 விமானங்கள் விடைபெற்றபோது, 42 ஸ்குவாட்ரன் இருக்க வேண்டிய இடத்தில் 29 தான் எஞ்சின. விமானி இருக்கிறான், ஓடுபாதை இருக்கிறது, பணமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினுக்காகக் கடல் கடந்து காத்திருக்கிறோம். 2025 மே மாதச் சண்டையில், கூட்டங்கூட்டமாக வந்த விமானியில்லா விமானங்களைத் தடுத்தவற்றுள் ரஷ்யாவின் எஸ்-400 உண்டு. நம்முடைய ஆகாஷும் உண்டு. 2018-ல் உத்தரவிட்ட ஐந்து எஸ்-400 தொகுதிகளில் மூன்றே அப்போது வந்திருந்தன. வாங்கிய பூட்டின் சாவி விற்றவன் மடியில் இருக்கும் என்பதைத் திண்டுக்கல்காரருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமா?

ஏழைத் தேசத்திற்கு இத்தனை செலவு தகுமா, காந்தியடிகள் பிறந்த மண்ணுக்கு இது அடுக்குமா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். சாணார்பட்டிக் குடியானவரின் வரிப்பணமும் இதில் சேருகிறது என்பதை நாம் மறக்கவில்லை. அதனாலேயே சொல்கிறோம்: அவர் கொடுக்கும் பணம் அன்னியப் பட்டறையில் கூலியாகப் போவதைவிட, அவர் மகனுக்கு நம் பட்டறையில் கூலியாக வருவது மேல். அடிகள் வெறுத்தது பிறரை நம்பிக் கிடக்கும் அடிமைத்தனத்தையும்தான். கைராட்டையை அவர் சுழற்றச் சொன்னதன் கருத்து, உடுத்தும் துணிக்கு லங்காஷயரை எதிர்பார்க்காதே என்பது. அந்தக் கருத்து எஞ்சினுக்கும் பொருந்தும். மேலும், விமானப் படை மட்டும் தேசத்தைக் காத்துவிடும் என்று நாம் வாதிக்கவில்லை. டாக்காவில் வெற்றி தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து பெற்றது. மூன்று படைகளையும் ஆள்வது ஜனப் பிரதிநிதிகளின் புத்தி. அது தெளியாவிட்டால் விமானங்கள் 1962-ல் போலத் தரையிலேயே நிற்கும்.

நம்மால் ஆகுமா என்று சந்தேகிப்பவர் திருநெல்வேலி ஜில்லாவின் மகேந்திரகிரிக்குப் போய்வரட்டும். குளிர் நிலைத் திரவ எஞ்சினின் நுட்பத்தைத் தர ஒப்புக்கொண்டிருந்த ரஷ்யா, அமெரிக்காவின் நெருக்குதலால் 1993-ல் பின்வாங்கியது. நம் விஞ்ஞானிகள் இருபது வருஷம் உழைத்தார்கள், தோல்விகளையும் கண்டார்கள், அந்த மலையடிவாரத்தில் எஞ்சின்களைத் திரும்பத் திரும்ப எரித்துச் சோதித்தார்கள். 2014 ஜனவரி 5-ல் நம் எஞ்சினைத் தாங்கிய ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது. அங்கே தோல்வி வந்தபோது முயற்சியைக் கைவிடவில்லை. காவேரிக்கும் மாருத்துக்கும் கிட்டாமற்போனது அந்த விடாமுயற்சிதான்.

எனவே, நாம் கோருவன இவை. போர் விமான எஞ்சினைத் தேசிய லட்சியமாகக் கொண்டு, மந்திரிசபைகள் மாறினாலும் மாறாத பணமும் பொறுப்பும் அதற்கு ஒதுக்க வேண்டும். வருஷந்தோறும் பார்லிமெண்டில் அதன் கணக்கைச் சொல்ல வேண்டும். 2019-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ராணுவத் தளவாடத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி ஆகியவை இடம்பெற்றன, திண்டுக்கல் இடம்பெறவில்லை. மாங்காய்ப் பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பேர்போன ஊர். அந்தப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தொழிலாளர் தொகையோ தேய்ந்துகொண்டிருந்தது. உலோகத்தை மயிரிழை பிசகாமல் அராவும் கை அந்தக் கை. கோயம்புத்தூருக்கும் திருச்சிக்கும் எட்டும் தூரத்தில் உள்ள அந்த ஊரில் நுண்தொழில் பயிற்சிச் சாலை அமைத்தால், சாணார்பட்டி வட்டாரத்துப் பிள்ளைகள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போவது ஒன்றே வழி என்று இருக்க வேண்டியதில்லை.

தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டுக் கேட்க வருபவரிடம் சாலையும் குடிநீரும் கேளுங்கள். கூடவே, நம் விமானத்திற்கு நம் எஞ்சின் எப்போது வரும் என்றும் கேளுங்கள். அதை டில்லி விஷயம் என்று அவர் தட்டிக்கழித்தால், எட்டு நிமிஷக் கணக்கை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.